பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

நம் ஊரில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி நின்றுவிட்டால் அன்றிரவே அந்த வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. ஒரு கட்சி, 'பழுது பார்க்கலாம்' என்கிறது. மற்றொன்று, 'தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம்' என்கிறது. முதற்கட்சியின் தலைவர் பெரும்பாலும் தந்தையார். இரண்டாங்கட்சிக்குத் தலைமை தாங்குவோர் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்களே. நான் மாணவனாயினும் முதற்கட்சியைச் சேர்ந்தவன். ஏன் அக்கட்சியில் இருக்கிறேன், எந்த இடத்தில் அக்கட்சியோடு மாறுபடுகிறேன் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கெல்லாம் ஆண்டு மலரில் இடம் வேண்டுமா என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ணக்கூடும். தறிக்குப் போகிறவரின் ஒரு மாதக் கூலி எங்கே போக வேண்டும் என்பது இவ்வினாவில் அடங்கியிருக்கிறது. இயற்பியல் வகுப்பில் நாம் படித்த எலக்ட்ரான் கற்றையும் மின்தேக்கியும் இதில் அடங்கியிருக்கின்றன. ஊருக்கு வெளியே ஓடைக் கரையில் உடைந்து கிடக்கும் கண்ணாடியும் இதற்குள்தான் வருகிறது. ஆகவே இடம் கேட்பதில் தவறில்லை என்று கருதுகிறேன்.

முதலில் இப்பெட்டிகள் நம்மிடம் வந்த வரலாற்றைச் சற்றே பார்ப்போம். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னைக்கு வர 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க நேர்ந்தது. வண்ண ஒளிபரப்பு 1982-இல் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளை வண்ணத்தில் காட்ட வேண்டும் என்ற அவசரமே அதற்குக் காரணம். அதே 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. சென்னையின் அலைகள் எட்டாத நம் தென்கடலோர ஊர்களில் உயரமான கம்பங்களை நட்டு அந்த அலைகளைப் பிடித்துப் பார்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சென்னைக்கு முன்பே கொழும்பு நம் மக்களுக்குப் படம் காட்டியது என்பது விந்தையன்றோ!

அந்நாளையப் பெட்டிகளைப் பற்றி ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். இழுத்து மூடும் கதவும் பூட்டும் உள்ள மரப்பெட்டி. சென்னையில் உருவான சாலிடேர், டயனோரா, ஐதராபாத்தின் ஈ.சி. என்ற பெயர்களை ஆச்சி உறவினர் பெயர்களைச் சொல்வது போலச் சொல்லுவாள். அந்தப் பெட்டி நின்றால் 'புதிது வாங்கலாமா' என்ற பேச்சே எழாதாம். வீட்டுக்கு வந்து பழுது பார்ப்பவருக்குக் காப்பி கொடுத்து, பக்கத்தில் நின்று பார்ப்பார்களாம். மின்சுற்று வரைபடங்கள் புத்தகமாகக் கடைகளில் விற்ற காலம் அது. பெட்டியைச் செய்தவன், பின்னொரு நாள் வேறொருவன் இதைத் திறப்பான் என்று எண்ணியே செய்தான். இந்த ஒரு வாக்கியத்தை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

பிறகு வந்ததுதான் நம் மாநிலத்துக்கே உரிய அத்தியாயம். 2006 செப்டம்பர் 15, அறிஞர் அண்ணா பிறந்த நாளன்று, கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது சென்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வீடுகளில் 87 விழுக்காட்டில் தொலைக்காட்சி இருந்தது. நாடு முழுமைக்கும் அவ்விழுக்காடு 47 தான். 2011-இல் ஆட்சி மாறியதும் திட்டம் நின்றது. மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. இவ்வாறு தேர்தல் அறிக்கையில் வாக்களிப்பது முறையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, அது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பாயிற்று. அது இலவசமா, உரிமையா என்ற வாதத்தைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுகிறேன். என் அக்கறை வேறு. ஒரே ஐந்தாண்டுக்குள் ஒரே அளவுள்ள ஒன்றரைக் கோடிப் பெட்டிகள் ஒரு மாநிலத்துக்குள் நுழைந்தால், ஏறத்தாழ ஒரே காலத்தில் அவை மூப்படையும். அந்த மூப்புக்காலம்தான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு 2009-இல் வந்தது அத்தகைய பெட்டி ஒன்று. அப்போது சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019-இல் மாவட்டம் தென்காசி ஆயிற்று, பெட்டி அதேதான். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சியில் பத்தாம் வகுப்புப் பாடங்களை நான் கேட்டதும் அந்தப் பதினான்கு அங்குலத்தில்தான். ஆசிரியர் எழுதிய சமன்பாட்டின் அடுக்கு எண் இரண்டா மூன்றா என்று தெரியாமல் திரைக்கு அருகே போய் உட்கார்ந்துகொள்வேன். ஆகவே பழைய பெட்டியைப் பற்றி எனக்கு அளவு கடந்த பாசம் ஒன்றும் இல்லை. அதன் குறையை நன்றாக அறிந்தவன் நான்.

அது இரண்டு முறை பழுதாயிற்று. முதல் முறை, படம் சுருங்கி நடுவில் ஒரு வெண்கோடாக நின்றது. எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, செங்குத்துச் சுற்றில் ஓர் ஐ.சி. போயிருக்கிறது என்று சொல்லி மாற்றினார். கூலியோடு முந்நூற்றைம்பது ரூபாய். இரண்டாம் முறை, படம் வரவே பத்து நிமிடம் ஆயிற்று. வந்தாலும் மங்கலாக இருந்தது. பிக்சர் டியூப் சோர்ந்துவிட்டது என்றார் அண்ணாச்சி. அந்தக் குழாயின் கழுத்தில் ஓர் இழை உண்டு, 6.3 வோல்ட்டில் சூடாகி எலக்ட்ரான்கள் உமிழப்படச் செய்வது அதுதான். பல்லாண்டு எரிந்தபின் அந்த உமிழ்வு குறைகிறது. அண்ணாச்சி எல்.ஓ.டி. என்று அவர்கள் அழைக்கும் மின்மாற்றியின் உள்ளகத்தில் ஒரு சுற்று கம்பியைக் கூடுதலாகச் சுற்றி, இழைக்குச் சற்று மிகுதியான மின்னழுத்தம் போகும்படி செய்தார். கிழவருக்குச் சுக்குக் காப்பி கொடுப்பது போன்றது இது. எட்டு மாதம் ஓடியது. மறுபடியும் மங்கியபோது அப்பா தூக்கிக்கொண்டு போக, அண்ணாச்சியே மறுத்துவிட்டார். "வேண்டாம் அண்ணே, இனிமே இதுல காசு போடாதீக. டியூப் வராது. எனக்கு ஐந்நூறு கெடைக்கும், ஒங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது" என்றார்.

பழுது பார்ப்பவனே 'போதும்' என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் முதற்கட்சியினர் பிடிவாதம் பிடிப்பது வீண் என்பது என் கருத்து. எங்கள் கட்சியில் சிலர் இருக்கிறார்கள். பழையது என்பதாலேயே அது உயர்ந்தது என்பார்கள். மங்கிய திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கும் ஆச்சிக்கு அந்தத் தத்துவத்தால் என்ன பயன்?

2022 தீபாவளிக்குத் தறியில் கிடைத்த போனசைக் கொண்டு அப்பா 32 அங்குல எல்.இ.டி. பெட்டி ஒன்றை ரொக்கமாக வாங்கினார். ரொக்கம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடையில் 'வட்டியில்லாத் தவணை' என்று எழுதி வைத்திருந்தார்கள். வட்டியில்லை என்பது மெய்யாகவே இருக்கட்டும். ஆவணக் கட்டணம் என்று ஒரு தொகை, ரொக்கத்துக்குக் கொடுக்கும் தள்ளுபடி தவணைக்கு இல்லை, தவணை தவறினால் வங்கி பிடித்துக்கொள்ளும் அபராதம் என்று அதற்குள் பல அறைகள் இருக்கின்றன. வாரக் கூலி வாங்குகிறவர் மாதத் தவணை கட்டுவது எளிதன்று. நூல் வரவில்லையென்றால் தறி நிற்கும். தறி நின்றாலும் தவணை நிற்காது.

அந்தப் புதுப் பெட்டி 2025 தொடக்கத்தில், உத்தரவாதக் காலம் முடிந்து ஓராண்டுக்குச் சற்று மேல் ஆனபோது, ஒருநாள் இருண்டுவிட்டது. ஒலி வந்தது, ஒளி வரவில்லை. அந்த நிறுவனத்தின் பழுது நிலையத்திலிருந்து வந்த இளைஞர் பெட்டியைத் திறக்காமலேயே பேனல் போய்விட்டது என்றார். மாற்ற ஒன்பதாயிரம் ஆகும், அதற்குப் புதிதே வாங்கிவிடலாம், பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்போம் என்றும் சொன்னார். அன்றைக்கு வீட்டில் இரண்டாங்கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்துவிட்டது. அம்மாகூட அப்பக்கம் போய்விட்டாள். நான் அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன்.

அவர் செய்தது ஒன்றே ஒன்று. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் இருண்ட திரையில் கைப்பேசியின் விளக்கைச் சாய்வாக அடித்தார். திரைக்குள் மங்கலாக மனிதர்கள் நடமாடுவது தெரிந்தது! செய்தி வாசிப்பவர் வாயசைப்பது தெரிந்தது. "பாருங்க தம்பி, பேனல் நல்லாத்தான் இருக்கு. உள்ள லைட்டுதான் அவுட்டு" என்றார்.

இந்த இடத்தில் இயற்பியல் மாணவன் என்ற முறையில் சற்றே விளக்க விரும்புகிறேன். எல்.இ.டி. பெட்டி என்று நாம் சொன்னாலும் படத்தை உண்டாக்குவது எல்.இ.டி. அன்று. திரவப் படிகத் திரை ஒன்று முன்னால் இருக்கிறது. அது தானே ஒளிராது. வரும் ஒளியை வேண்டிய இடத்தில் விடும், வேண்டாத இடத்தில் தடுக்கும். சன்னலில் ஆயிரமாயிரம் சிறு கதவுகள் வைத்தது போல. அதற்குப் பின்னால் பட்டைகளில் பதித்த எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன. அந்த விளக்குகள் தொடர் இணைப்பில் இருக்கும். ஆடித்தபசுக்கு நம் ரத வீதிகளில் கட்டும் பழைய சீரியல் பல்புகளை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று போனால் வரிசையே அணையும். முப்பது விளக்கில் ஒன்று அற்றுப்போனால் பெட்டி முழுதும் இருளும். பார்ப்பவன் 'பேனல் போயிற்று' என்று நம்பிவிடுவான். விலையில் பெரும்பகுதி பேனலுக்கே உரியது. அது போனால் புதிது வாங்குவதே கணக்கு. பட்டை போனால் அது கணக்கே அன்று. இரண்டு நோய்க்கும் வெளிக்குறி ஒன்றுதான். பிரித்துக் காட்டுவது ஒரு கைவிளக்கு.

அண்ணாச்சி பட்டைகள் முழுவதையும் மாற்றினார். "ஒண்ண மட்டும் மாத்துனா மத்தது அடுத்த மாசம் போகும், நீங்க என்னத் தேடி வருவீக" என்பது அவர் கணக்கு. ஆயிரத்து நானூறு ரூபாய். "இன்னும் எத்தன நாளைக்கு ஓடும் அண்ணாச்சி?" என்று அப்பா கேட்டார். "அத நான் சொல்ல மாட்டேன். வெளிச்சத்தக் கொறச்சு வச்சுப் பாத்தா நெறைய நாள் ஓடும். கடையில வச்ச மாதிரி முழு வெளிச்சத்துல ஓட்டாதீக." இதுவும் உண்மையே. எல்.இ.டி.க்குச் செல்லும் மின்னோட்டம் குறைந்தால் வெப்பம் குறையும்; வெப்பம் குறைந்தால் ஆயுள் நீளும். புதுப் பெட்டியை நாம் வீட்டுக்குக் கொண்டு வரும்போது ஒளியளவு பெரும்பாலும் உச்சத்தில் இருக்கிறது. அதைப் பாதியாக்குவதற்குச் செலவு ஏதுமில்லை. இதைப் படிக்கும் நண்பர்கள் இன்றிரவே செய்து பார்க்கலாம்.

பழுது செலவு புதியதன் விலையில் பாதிக்கு மேல் போனால் விட்டுவிடு என்று பொதுவாக ஒரு விதி சொல்வார்கள். எனக்கு அவ்விதியில் முழு நம்பிக்கை இல்லை. புதியதன் விலை குறையக் குறைய அவ்விதி தானாகவே பழுது பார்ப்பதற்கு எதிராகச் சாய்ந்துவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு வரி 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அன்று காலையில் ஊரில் உள்ள பெரிய பெட்டிகளின் நோயெல்லாம் திடீரென்று முற்றிவிட்டதா? எத்தனை ரூபாய் என்று கேட்குமுன் எந்த உறுப்பு என்று கேட்பதே முறை. மின்வழங்கிப் பலகையில் ஒரு கண்டன்சர் தலை வீங்கியிருந்தால் அது சில ரூபாய்ப் பொருள். அதில் உள்ள மின்பகு திரவம் சூட்டில் உலர்ந்துபோகிறது. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, மேலே துணி போர்த்தி வைத்த பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கும்! மழைக்கால இடி, நியூட்ரல் கம்பி அறுந்து நானூறு வோல்ட்டை நெருங்கிப் பாயும் மின்சாரம் ஆகியவற்றால் வரும் சேதமும் பெரும்பாலும் அந்த ஒரு பலகையோடு நின்றுவிடுவதுண்டு. திரை விரிசல் விட்டால், பேனலில் கோடு கோடாக விழுந்தால், அங்கே வாதத்துக்கு இடமில்லை.

'பழைய பெட்டி மின்சாரத்தைத் தின்னும்' என்பது இரண்டாங்கட்சியின் வலுவான வாதம். அதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். 14 அங்குலக் குழாய்ப் பெட்டி ஏறத்தாழ ஐம்பது, அறுபது வாட் எடுக்கும். 32 அங்குல எல்.இ.டி. பெட்டியும் நாற்பது முதல் அறுபது வாட் வரை எடுக்கும். பெரிய குழாய்ப் பெட்டியை அதே அளவு எல்.இ.டி.யோடு ஒப்பிட்டால்தான் மிச்சம் தெரியும். நாமோ மாற்றும்போதெல்லாம் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறோம். ஐம்பது வாட் பெட்டி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் கால் யூனிட். இரண்டு மாதத்துக்குப் பதினைந்து யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு நூறு யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கும் நம் மாநிலத்தில், இந்த மிச்சத்தைக் கொண்டு புதுப் பெட்டியின் விலையை ஈடுகட்ட எத்தனை தலைமுறை வேண்டும் என்பதைக் கணிதத் துறை நண்பர்கள் சொல்லட்டும்.

மற்றொரு வாதம், பழையதில் புதிய வசதிகள் இல்லை என்பது. கம்பிவடத் தொலைக்காட்சி எண்முறைக்கு மாறியபோதே குழாய்ப் பெட்டிகள் ஒழிந்துபோகும் என்றார்கள். ஒழியவில்லை. செட்டாப் பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று துளைகள் இருந்தன. அவை பழையதைப் புதியதோடு பிணைத்துவிட்டன. இன்று 'ஸ்மார்ட்' பெட்டிகளில் நேர்வது இதற்கு நேர்மாறு. திரையும் பட்டையும் நன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுவனம் நிறுத்திவிடும். ஒரு நாள் செயலி திறக்காது. பெட்டிக்கு நோயில்லை, ஆனால் செத்துவிட்டது என்பார்கள். அப்போதும் வெளியில் செருகும் சிறு கருவி ஒன்று போதும். துளை இருக்கும் வரை உயிர் இருக்கிறது.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். பின்னொருவன் திறப்பான் என்று எண்ணிச் செய்த பொருள் ஒன்று. திறக்கவே கூடாது என்று எண்ணிச் செய்த பொருள் வேறு. பட்டைகளை மாற்ற அண்ணாச்சி பேனலைத் தூக்கும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். முட்டையோட்டைப் போல் மெல்லியது; விரலழுத்தம் கூடினால் விரிசல். வரைபடம் கிடையாது. உறுப்பு கம்பெனியில் கிடையாது. வெளிச்சந்தையில் தேடி, எண்ணைப் பார்த்து, பொருந்தினால் உண்டு. பழுது பார்ப்பதா புதிது வாங்குவதா என்று வீட்டில் அமர்ந்து நாம் வாக்கெடுப்பு நடத்துகிறோம். ஆலையில் வடிவமைத்தபோதே ஒருவர் நமக்காக வாக்களித்துவிட்டார்.

இதை வெளிநாடுகள் சில கண்டுகொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது: தொலைக்காட்சி செய்யும் நிறுவனம், அந்த மாதிரியின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்தபின் குறைந்தது ஏழாண்டுக்கு, மின்வழங்கி, கண்டன்சர், இணைப்பான் போன்ற உறுப்புகளைப் பழுது பார்ப்போருக்குத் தர வேண்டும். பிரான்சில் அதே ஆண்டு சனவரி முதல், தொலைக்காட்சி உள்ளிட்ட சில பொருள்களுக்கு 'எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம்' என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என அட்டையில் எழுத வேண்டும் என்றாக்கினார்கள். நமக்கு மட்டுந்தானா மதிப்பெண், பெட்டிக்கும் இருக்கட்டுமே! ஆஸ்திரியாவில் 2022-இல் தொடங்கிய திட்டத்தில், மின்கருவியைப் பழுது பார்க்கும் செலவில் பாதியை, 200 யூரோ வரை, அரசே ஏற்றது. இந்தியாவிலும் 2022 சூலையில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' குறித்துக் குழு ஒன்றை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையத்தளமும் திறந்தது. நல்ல தொடக்கமே. ஆயின், நிறுவனம் உறுப்பைத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பிறந்தாலன்றி எங்கள் தெருமுனைக்கு அதன் பயன் வந்து சேராது.

நான் ஆஸ்திரியாவைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஒன்றரைக் கோடிப் பெட்டிகளை வாங்கிக் கொடுக்கும் ஆற்றல் நம் அரசுக்கு இருந்தது. உத்தரவாதம் முடிந்தபின் அந்தப் பெட்டிகளை இத்தனை ஆண்டு உயிரோடு வைத்தவர்கள் இத்தகைய அண்ணாச்சிகளே. அவர்களுக்கு விருதுமில்லை, கடனுதவியுமில்லை. எங்கள் அண்ணாச்சி வானொலி பழுது பார்க்கத் தொடங்கியவர். டேப்ரிக்கார்டர், குழாய்ப் பெட்டி, செட்டாப் பெட்டி என்று ஒவ்வொன்றாய்க் கற்றுக்கொண்டே வந்தார். அவர் மகன் கைப்பேசி விற்கும் கடையில் வேலை பார்க்கிறான். "இதுல என்ன இருக்கு தம்பி, புதுசு விக்கவனுக்குத்தான் கமிஷன்" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இனி, ஓடைக் கரைக்கு வருவோம். இரு கட்சியினரும் பேச மறந்த பொருள் இது. புதிது வந்தபின் பழையது எங்கே போகிறது? பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அங்கே குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செப்புச் சுருளுக்காக உடைக்கிறார்கள். செம்புக்கு விலை உண்டு, கண்ணாடிக்கு இல்லை. அந்தக் கண்ணாடி எங்காவது கொட்டப்படுகிறது. அது சன்னல் கண்ணாடி அன்று. குழாய்க்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாய்ந்து எலக்ட்ரான்கள் திரையில் மோதும்போது எக்ஸ் கதிர் தோன்றும். அது வெளியே வராதிருக்கப் புனல் போன்ற பின்பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு சேர்த்திருக்கிறார்கள். நம்மைக் காப்பதற்காகச் சேர்த்த ஈயம் அது. உடைத்துப் போட்டால் மழை நீரில் சிறுகச் சிறுகக் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். ஒரு பெட்டியில் சில நூறு கிராம்தான். ஒன்றரைக் கோடிப் பெட்டிக்குக் கூட்டினால் ஆயிரக்கணக்கான டன். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு என்பதை வேதியியல் துறையினர் என்னைவிட நன்கு அறிவர். ஊருக்கு வெளியே ஆடு மேயும் ஓடைக் கரையில் அத்தகைய கண்ணாடிக் குவியலை நானே கண்டேன். நம் ஊரின் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். அவ்வளவு பெயர் பெற்ற மண் இது.

மின்னணுக் கழிவுக்கெனச் சட்டவிதிகள் இல்லாமலில்லை. 2011-இல் இயற்றி 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன, 2016-இல் திருத்தினார்கள், 2022-இல் புதிதாக எழுதி 2023 ஏப்ரல் முதல் செயற்படுத்தினார்கள். பொருளைச் செய்தவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பது அவற்றின் சாரம். தொலைக்காட்சியும் பட்டியலில் உண்டு. ஆனால் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கும் நம் ஊர்த் தெருவுக்கும் இடையே யார் வண்டி ஓட்டுவது என்பதுதான் தெரியவில்லை. ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு எவனும் வெளியூர் போக மாட்டான். நூறு பெட்டி ஒரே இடத்தில் சேர்ந்தால் வண்டி வரும்.

அந்த நூறு பெட்டியைச் சேர்க்கும் வேலையை நம் கல்லூரி செய்யலாம் என்பது என் வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், மரக்கன்று நடுகிறோம். வரும் முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். வீடு வீடாகச் சென்று நான்கு கேள்வி கேட்டால் போதும்: பெட்டி எந்த ஆண்டு வந்தது, என்ன பழுது, யார் பார்த்தார், நின்றுபோன பெட்டி இப்போது எங்கே இருக்கிறது. இருண்ட எல்.இ.டி. பெட்டி இருக்கும் வீட்டில் கைவிளக்கு அடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டு வரலாம். அதற்கு இயற்பியல் துறை மாணவர் இருவர் போதும். திறக்க மட்டும் கூடாது. அணைத்த பின்னும் குழாய்ப் பெட்டிக்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும், குழாய் வெற்றிடமாதலால் அடிபட்டால் உள்நோக்கி வெடிக்கும். அதற்கு அண்ணாச்சியை அழைக்கலாம். ஒரு நாள் கூலியைத் துறை நிதியிலிருந்து கொடுக்கலாம். உடையாத குழாய்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்து, நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எண்ணிக்கையோடு விண்ணப்பம் எழுதலாம்.

சேர்த்து வைக்க இடம் எங்கே என்று கேட்பார்கள். நம் ஆய்வகத்துக்குப் பின்னால் படிக்கட்டின் கீழ்ப்புறம் பழைய கணினித் திரைகள் நான்கு, குழாயோடு, தூசி படிந்து நிற்கின்றன. அவற்றிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம்.